மீல்மேக்கர் மேல் போட்ட பழி

ஆம்பூர்,
பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு சோபனா எழுதுவது.

இங்கே அத்தை, மாமா, பாப்பா, நான் எல்லோரும் நலம். வாய்ப்பழக்கமாக எழுதுகிற நலம் இல்லை இது. டாக்டர் வாயால் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அங்கே நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கம்பெனியில் வேலை செய்கிற தன்சீல் அகமது, தங்கை கல்யாணத்துக்காக வந்தவர், புதன்கிழமை அடிஸ் அபாபாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் முறுக்கும் இட்லிப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது என்று அவர் சொன்னதால் இந்தக் கடிதத்தையும் சேர்த்து வைக்கிறேன். ஊறுகாய் பாட்டிலைத் துணி சுற்றித்தான் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் எண்ணெய் கசிந்து எழுத்து கலைந்திருந்தால் திட்டாதீர்கள்.

போனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் லைன் கட்டாகிறது. கட்டாகாத நேரத்தில் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள். அதுவும் போக, நவம்பர் மாதத்திலிருந்து நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் நான் அத்தையிடம் போனைக் கொடுத்துவிட்டு சமையலறைக்குப் போய்விடுகிறேன். உங்களுக்கும் அது தெரிந்துதான் இருக்கும். அன்று சாயங்காலம் நீங்கள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் உங்களுக்கு எல்லாச் செய்தியும் உங்கள் அக்கா சங்கீதா அண்ணி வழியாகத்தான் வந்தது. ஒருமுறை என் வழியாகவும் வரட்டும்.

நீங்கள் ஊருக்குப் போன மாதமே அத்தை விரிஞ்சிபுரம் கோயிலில் வேண்டிக்கொண்டு கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். நீங்கள் நல்லபடியாகத் திரும்பி வரும் வரைக்கும் தொடுவதில்லை என்று வேண்டுதல். நீங்கள் பயப்படுவீர்கள் என்று உங்களிடம் சொல்லக்கூடாது என்றார்கள். பாதி நாள் ரசமும் ஊறுகாயும்தான். கொஞ்ச நாளில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கன்னம் ஒட்டிப்போனது. அதைப் பார்த்துத்தான் நான் மீல்மேக்கர் வாங்க ஆரம்பித்தேன். சோயாவில் பருப்பைவிட நிறைய சத்து இருக்கிறது என்று எங்கள் ஷூ கம்பெனிக்கு ஹெல்த் கேம்ப் போட வந்த நர்ஸ் சொன்னாள். கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து, கறிக்குப் போடுகிற மசாலாவையே போட்டு வைத்தேன். அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இது கறியே இல்லை என்று சத்தியம் பண்ணு என்றார்கள். பிறகு சோயா பீன்ஸ் சுண்டல், சப்பாத்தி மாவில் ஒரு கரண்டி சோயா மாவு என்று வாரத்தில் பாதி நாள் வீட்டில் சோயாதான். ஆம்பூரில் பிறந்துவிட்டு மீல்மேக்கர் பிரியாணி சாப்பிட வேண்டி வந்ததே என்று மாமா மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் அடித்துக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது. அத்தை முகத்தில் தெளிவு வந்தது. அப்புறம்தான் போன ஆவணியில் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று என்னிடம் சொன்னார்கள். அடுத்த நாளே வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆபரேஷன், ரேடியேஷன் கரண்ட் வைத்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம், நல்லது என்று டாக்டர் சொன்னதும் தெரியும். உங்களுக்கு லீவு கிடைக்காதது என் மனதில் இல்லை. அந்த நிலைமை எனக்குப் புரியும்.

ரிப்போர்ட் வந்த அன்றுதான் எனக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. இது ஹார்மோனால் வளர்கிற வகை, ஹார்மோன் மாத்திரை அஞ்சு வருஷம் போட வேண்டும் என்றார்கள். அந்த வார்த்தை அண்ணி காதில் விழுந்தது. ஏற்கெனவே அவர்கள் போனில் ஒரு வீடியோ இருந்தது, சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறது, மார்புப் புற்றுநோய் வரும் என்று ஒரு அம்மா பேசுகிற வீடியோ. ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். "பொம்பள ஹார்மோன் இருக்கற சாமான வாரம் பூரா ஆக்கிப் போட்டா பின்ன இன்னா ஆவும்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். அன்று சாயங்காலம்தான் உங்கள் போன் வந்தது.

மாமா அலமாரியில் இருந்த சோயா பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டார். அத்தை வாய் திறந்து என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தட்டை இழுத்தார்கள். அதற்கு அவர்கள் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். கொஞ்ச நாளில் நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். கம்பெனியில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால், சத்து என்று நினைத்து என்ன ஊட்டிவிட்டேனோ என்பதே ஓடும். ஒரு நாள் இடது கால் ஷூ லைனிங்கை வலது காலில் வைத்துத் தைத்து ஒரு கட்டே வீணாகப் பார்த்தது. பக்கத்து மெஷின் அஃப்ஸர் ஜஹான் தன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தாள். டாக்டரிடம் கேட்டுவிடு என்றும் சொன்னாள். எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் ஆமாம் என்றுவிட்டால் அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் எப்படி அடுப்பு பற்ற வைப்பது?

போன செவ்வாய்க்கிழமை செக்கப். அத்தை, அண்ணி, நான் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார், நன்றாக ஆறியிருக்கிறது என்றார், மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டார். எழுந்திருக்கிற நேரத்தில் அண்ணி கேட்டுவிட்டார்கள், வீட்டில் சோயா நிறைய சமைத்ததால்தானே இது வந்தது என்று.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். யார் சமைக்கிறது என்று கேட்டார். நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். எத்தனை நாளாக என்றார். ஒரு வருஷம் சொச்சம் என்றேன்.

"இந்தக் கட்டி அதுக்கும் பல வருஷத்துக்கு முன்னாடியே உள்ள ஆரம்பிச்சிருக்கும்மா. உங்க சமையலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார்.

அதற்கப்புறம் அவர் சொன்னதை நின்றுகொண்டே கேட்டேன். உட்காரச் சொன்னது காதில் விழவில்லை. சோயாவில் இருப்பது நம் உடம்பில் சுரக்கிற ஹார்மோன் இல்லையாம். பார்க்க அதைப் போல இருக்கும், ஆனால் வலு ரொம்பக் குறைவு. பஸ்ஸில் யாரோ உட்கார வேண்டிய சீட்டில் இன்னொருத்தர் முதலில் துண்டு போட்டு வைக்கிற மாதிரி, நிஜ ஹார்மோனின் இடத்தைச் சில சமயம் இது பிடித்துக்கொள்ளுமாம். சீனா, ஜப்பான் பக்கம் சின்ன வயதிலிருந்தே சோயா சாப்பிட்டு வளர்கிற பெண்களுக்கு இந்த நோய் கொஞ்சம் குறைவாக வருவதாக ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்களாம். கொஞ்சம் குறைவு என்பதை அழுத்திச் சொன்னார், வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது என்றார். நோய் வந்து குணமானவர்களும் சாப்பிடலாம். சுண்டலோ, சோயா பாலோ, சோயா பன்னீரோ, மீல்மேக்கரோ, நாளுக்கு ஒரு வேளை சாப்பாட்டில் அளவாகச் சேர்க்கலாம். சோயாவைக் காய்ச்சி வடித்து மாத்திரையாக, பொடியாக விற்கிறதை மட்டும் தொடக்கூடாது. எடை கூடாமல் பார்ப்பதும் தினம் நடப்பதும் அதைவிட முக்கியம் என்றும் சொன்னார்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் அண்ணி முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஜெயித்துவிட்ட நினைப்பில்தான் பார்த்தேன். அந்த முகத்தில் தோற்றுப்போன கோபம் இல்லை. ரத்தம் வடிந்துபோய் வெளுத்திருந்தது. அத்தை நர்ஸுடன் வெளியே போனதும், அண்ணி டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார்கள்: "அப்ப இது எங்க அம்மாகிட்டேர்ந்து எனக்கும் வருமா?"

அம்மாவுக்கு வந்தால் மகளுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் வாய்ப்பு உண்டு, ஆனால் பெரும்பாலான மகள்களுக்கு வருவதில்லை, நாற்பது தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் பார்த்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். அன்றைக்கே மேமோகிராம் என்கிற மார்பு எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தார். அத்தையிடம் சொல்லாமல் கீழே உட்கார வைத்துவிட்டு அண்ணியை நான்தான் கூட்டிப் போனேன். தாலிச் சரடையும் வளையலையும் கழற்றி என் கையில் கொடுத்தார்கள்.

"சோயாவா இருந்துட்டா நல்லா இருக்கும்னு இருந்துச்சு சோபனா. சோயான்னா நிறுத்திடலாம். ரத்தத்துல இருக்குதுன்னா எத நிறுத்தறது? எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதே."

அவ்வளவுதான் சொன்னார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. எனக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. மாதக்கணக்காக அவர்கள் மேல் வைத்திருந்த கோபம் அந்த வராண்டாவில் எங்கே போனது என்று இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது. அண்ணிக்கு ஒன்றும் இல்லை. போன் பண்ணி முதலில் என்னிடம்தான் சொன்னார்கள்.

வேலூரிலிருந்து திரும்பும்போது பஸ் பள்ளிகொண்டா தாண்டியது. அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, நாளைக்கு மீல்மேக்கர் வாங்கி வா, பட்டை லவங்கம் கொஞ்சம் தூக்கலாகப் போடு என்றார்கள். சரி அத்தை என்றேன். அவர்கள் கை என் கைமேல் ஆம்பூர் வரைக்கும் இருந்தது.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களிடம் போனில் சிரிக்க மாட்டேன் என்கிறாள். கம்பெனியில் புது ஆர்டர் வந்திருக்கிறது, ஓவர்டைம் இருக்கும் போல.

அந்த ஊர்ப் புளித்த தோசை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காலையிலாவது சோறு வடித்துச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் டீ குடிக்காதீர்கள். இனி நீங்கள் கூப்பிட்டால் நானே எடுக்கிறேன்.

இப்படிக்கு,
சோபனா

*

ஆம்பூர்,
ஆகஸ்ட் 24.

அன்புள்ள உங்களுக்கு,

நலம், உங்கள் நலத்தையே தினமும் வேண்டுகிறோம். வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு நாளில் இதை எழுதுகிறேன். மாமா டிவி பார்க்கிறார், அத்தை பாப்பாவுக்குப் பேன் பார்க்கிறார்கள்.

வியாழக்கிழமை போனில், ஒரு வருஷ டெஸ்ட் எல்லாம் முடிந்தது, அத்தைக்கு எங்கேயும் ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, அதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. அத்தை சொல்லித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பிரகாஷ் அழுவான், எழுதிப் போட்டுவிடு, படித்துவிட்டுத் தனியாக அழுதுகொள்ளட்டும் என்றார்கள். இந்தத் தடவை ஆள் கிடைக்கவில்லை, தபாலில் போடுகிறேன். வந்து சேரும்போது எல்லாம் பழைய கதையாகியிருக்கும். அதுவும் நல்லதுதான்.

டாக்டர் சோயா பற்றிச் சொன்னதிலிருந்து நம் வீடு தலைகீழாக மாறிவிட்டது. பாக்கெட்டைக் குப்பையில் போட்ட அதே மாமாதான் இப்போது காலையில் சோயாவை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிறார். டீக்கடையில் தன்னோடு தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்து ரிட்டயர் ஆனவர்களை உட்கார வைத்து, சீனாவில் யாருக்கும் கேன்சரே கிடையாது என்று பாடம் எடுக்கிறார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை மாமா, கொஞ்சம் குறைவு என்றுதான் சொன்னார் என்றால், அதைத்தானே நானும் சொல்கிறேன் என்பார். அண்ணியும் ஒரு வீடியோ அனுப்பினார்கள், சோயா சாப்பிட்டால் கேன்சர் கிட்டவே வராது என்று. பார்த்தால் அதே சேனல், அதே அம்மா. புடவை மட்டும் வேறு.

நான் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பழி போனதே, அது போதும் என்றிருந்தது. மாமா யாரிடமோ சொல்லி சோயா மாத்திரை டப்பா ஒன்று வரவழைத்தபோது மட்டும், டாக்டர் இதைத்தான் கூடாது என்றார் என்று வாங்கி எடுத்து வைத்தேன்.

ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அத்தைக்கு மூட்டு வலி. காலையில் விரலை மடக்க முடியாது, டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தால், அத்தை உட்கார்ந்து இடியாப்பம் பிழிந்துகொண்டிருக்கிறார்கள். கை அழகாகச் சுற்றுகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வலி போய்விட்டதா அத்தை என்றேன். சுத்தமாகப் போய்விட்டது என்றார்கள். தேங்காய்ப் பால் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் மனதில் என்னவோ இடித்தது. அஞ்சு வருஷம் போட வேண்டிய மாத்திரை. அதனால் வந்த வலி சொல்லாமல் கொள்ளாமல் எப்படிப் போகும்?

அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அத்தை மறைக்கவில்லை. சித்திரையிலிருந்தே போடவில்லையாம்.

"அந்த சைனாக்காரப் பொம்பளைங்கல்லாம் மாத்திரையா சாப்ட்றாங்க? சோயாதான சாப்ட்றாங்க. நீதான் தினம் போட்றியே எனக்கு."

போன வருஷம் என் சோயாதான் நோயைக் கொண்டுவந்தது என்றார்கள். இப்போது என் சோயாவை நம்பி அத்தை மருந்தை விட்டிருக்கிறார்கள். இந்த இடைவெளியில் ஏதாவது வந்திருந்தால்? முதல் பழி பொய். இதை யாராவது என்மேல் போட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

"அவங்க வராம இருக்கறதுக்குச் சாப்ட்டாங்க அத்த. நமக்கு ஒரு தடவ வந்துட்டுப் போயிருக்குது. மறுபடியும் வராம இருக்கத்தான் மாத்திர. அந்த வேலய சோயா செய்யாது."

அத்தை இடியாப்பத் தட்டைத் தள்ளி வைத்தார்கள். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வலிய பொறுத்துக்குவேன் சோபனா. அந்த மாத்திரைய கைல எடுக்கும்போதுதான் எனக்கு நோவு இருக்குதுன்னு ஞாபகம் வருது. மத்த நேரம் நான் நல்லாத்தான் இருக்கறேன். சோயான்னா சோத்தோட சோறா போய்டுது."

யாரிடமும் சொல்லாதே, நாளையிலிருந்து பார்க்கலாம் என்றார்கள். நாளையிலிருந்து என்று அவர்கள் சொன்ன விதத்திலேயே, நாளைக்கும் போடமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் மனசு அலைந்தது. மாமாவிடம் சொன்னால் சத்தம் போடுவார். உங்களிடம் சொன்னால் அவ்வளவு தூரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? கடைசியில் அண்ணிக்குப் போன் பண்ணினேன். முதல் ஆளாக அவர்களிடம் சொல்வேன் என்று நானே நினைத்ததில்லை. அவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஏன் பார்க்கவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த நாள் முதல் பஸ்ஸில் விரிஞ்சிபுரத்திலிருந்து வந்து இறங்கினார்கள். நேரே அத்தை எதிரில் போய் உட்கார்ந்தார்கள்.

"நீ மாத்திர போட மாட்டன்னா நானும் இனிமே செக்கப்புக்குப் போவ மாட்டேன். எனக்கும் அந்த மெஷின்ல போய் நிக்கும்போதுதான் பயம் வருது. மத்த நேரம் நானும் நல்லாத்தான் இருக்கறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. அத்தை அண்ணியை நிமிர்ந்து பார்த்தார்கள். தன் மகளும் அந்த மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள் என்பதே அத்தைக்கு அப்போதுதான் தெரியும். நாங்கள் இருவரும் பிப்ரவரியில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தோம். அத்தை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எந்தப் புடவை கட்டிக்கொள்வது என்று கேட்டார்கள்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே போனோம். அவர் கோபிக்கவில்லை. இந்த வலி தாங்காமல் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தினதைச் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு, வலி என்று வந்திருந்தால் அன்றைக்கே வேறு மாத்திரை எழுதியிருப்பேன் என்றார். இப்போது வேறு ஒன்று மாற்றிக் கொடுத்திருக்கிறார். தினம் நடக்கச் சொன்னார், கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். சோயாவை விட வேண்டுமா என்று அத்தையே கேட்டார்கள். "சோயா சாப்பாடா இருக்கட்டும்மா, மருந்தா ஆக்கிடாதீங்க" என்றார் டாக்டர்.

அதோடு வருஷ டெஸ்ட்டையும் எடுத்துவிடலாம் என்றார். அந்த ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் போன் பண்ணும்போதெல்லாம் மழையைப் பற்றியும் பாப்பா ஸ்கூலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன் அல்லவா, அந்த நாட்கள்தான்.

வியாழக்கிழமை டாக்டர் அறைக்குள் போனதும் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். அத்தை அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, இவளை உட்காரச் சொல்லுங்கம்மா, இவளுக்குத்தான் முகம் சரியில்லை என்றார்கள். அண்ணி வெளியே போய் மாமாவுக்குப் போன் பண்ணினார்கள். அந்தப் பக்கம் மாமா மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரி கேன்டீனில் பூரி சாப்பிட்டோம். எதிர் மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு எதற்கோ சிரித்தோம். எதற்கு என்று இப்போது ஞாபகம் இல்லை.

புது மாத்திரையில் வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. முழுசாகப் போகவில்லை. காலையில் டிபன் ஆனதும், நீயும் உட்காரு என்பார்கள். நான் உட்கார்ந்த பிறகு போட்டுக்கொள்வார்கள். போட்டுக்கொண்டு உடனே வேறு பேச்சு எடுத்துவிடுவார்கள், கீரைக்காரி வந்தாளா, தண்ணீர் வந்ததா என்று. நானும் அந்தப் பேச்சையே பிடித்துக்கொள்வேன். மாமா சோயா பாலில் ஏலக்காய் போட்டுப் பார்க்கிறார். குடிக்கிற மாதிரி இருக்கிறது, நீங்கள் வந்தால் உங்களுக்கும் ஒரு டம்ளர் தப்பாது.

போன மாதம் ஒரு நாள் போனில் நீங்கள், சோபனா, அன்னிக்கு நான் பேசினது, என்று ஆரம்பித்தீர்கள். லைன் கட்டாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டபோது பாப்பா ஃபீஸ் கட்டியாச்சா என்று கேட்டீர்கள். பரவாயில்லைங்க. பாதி கேட்டதே எனக்குப் போதும். அன்று முழுக்க கம்பெனியில் ஒரு தையலும் கோணவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். தை மாதம் அடுத்த செக்கப். உங்கள் லீவை அதற்குத் தகுந்த மாதிரி போடுங்கள். ஒரு வாரம் கிடைத்தாலும் போதும். பெயர் கூப்பிட்டதும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் உள்ளே போங்கள். டாக்டர் சொல்வதை நீங்கள் கேளுங்கள், கேட்க வேண்டியதையும் நீங்களே கேளுங்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கதவைத் திறந்து வெளியே வந்து சொன்னால் போதும்.

உங்கள்
சோபனா